மயில் வண்டிக்கு வேண்டிய சாமான்

செங்கணாபுரத்து ராஜா வல்லபராயர் தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை. பளபளவென்று எதைப் பார்த்தாலும் சொக்கிப் போய்விடுவார். அப்படிச் சொக்கிப் போகிறவரைப் பதமாகத் தரைக்கு இறக்குவதுதான் சபையில் கொம்பையாவுக்கு வேலை. பாவம், அவனுக்கு ஒருநாள்கூட ஓய்வு கிடையாது.

அந்த வருஷம் கரட்டுமலையில் காடு திருத்தி நாற்பது குடும்பங்களைக் குடியேற்ற ராஜா முடிவு செய்தார். வீட்டுக்கு ஒரு மாட்டுவண்டி அரண்மனை கொடுக்கும். எந்த வண்டி கொடுப்பது? அதற்குத்தான் அன்றைக்குச் சபை கூடியது.

முற்றத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று தேர்க்கொட்டில் அதிகாரி பரமசிகாமணி செய்த மயில் வண்டி. அடேயப்பா! சக்கரக் குடமெல்லாம் பித்தளை. ஏறி உட்கார்ந்தால் தொட்டில் மாதிரி ஆட்டுகிற எஃகு வில். கூண்டின் உச்சியில் தோகை விரித்த மயில் வேறு. இன்னொன்று கொம்பையா ஓட்டி வந்த கட்டை வண்டி. கருவேல அச்சு, இரண்டு சக்கரம், ஒரு நுகத்தடி, அவ்வளவுதான்.

"கொம்பையா, இது வண்டியா, விறகா?" என்றார் ராஜா.

"அடுப்புக்குப் போகவேண்டியது, வழி தப்பி வந்திருக்கு மகாராஜா!" என்றார் பரமசிகாமணி. சபை கொல்லென்று சிரித்தது.

குடியேறப் போகிறவர்கள் சார்பில் வந்திருந்த பேச்சியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"மவராசா, ஐப்பசியில ஆறு பெருகினா மூணு மாசத்துக்கு நாங்க மேலே, நீங்க கீழே. அந்த நேரம் பார்த்து வண்டி ஒடிஞ்சு உட்கார்ந்துட்டா, காட்டுல விளைஞ்சது காட்டுலேயே அழுகும். புள்ளைங்க வாயில என்னத்தைப் போடுவேன்?"

யார் காதில் விழுந்தது? ராஜா அதற்குள் மயில் வண்டியில் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்.

"ஆகா, என்ன சுகம்! மயில் வண்டிதான். தீர்ந்தது பேச்சு!"

பேச்சியம்மாள் முகம் சுண்டிப்போனது. கொம்பையா அதைப் பார்த்தான். நாற்பது வீட்டுச் சோற்று விஷயமாயிற்றே! ஆனால் ராஜாவிடம் எதிர்த்துப் பேசினால் பிடிவாதம்தான் கூடும் என்பது அவனுக்குத் தெரியும். பலமாகக் கைதட்டினான்.

"அபாரம் மகாராஜா! ஒரே ஒரு உத்தரவு மட்டும் போட்டுடுங்க. இந்த வண்டி ஓடறதுக்கு என்னென்ன வேணுமோ, அத்தனையும் வண்டியோடவே மலைக்குப் போகணும்."

"நியாயம்தானே? போகட்டும். என் உத்தரவு!"

அரண்மனை எழுத்தர் ஓலையும் எழுத்தாணியுமாகத் தயாரானார். கொம்பையா பரமசிகாமணி பக்கம் பவ்யமாகத் திரும்பினான்.

"ஐயா, இந்த வில் ஒடிஞ்சுதுன்னா?"

"அதை வளைக்க என் உலைக்களம்தான் வேணும். மலையில எவனுக்குத் தெரியும்?"

"எழுதும் ஓய், உலைக்களம் ஒன்று. இந்தப் பித்தளைக் குடம் தேய்ஞ்சுட்டா?"

"என் கடைசல் பட்டறையில வார்த்துக் கடையணும். லேசுப்பட்ட வேலைன்னு நினைச்சீரா?"

"எழுதும், கடைசல் பட்டறை ஒன்று. சரி, எல்லாத்தையும் பிரிச்சு, மறுபடி கோத்து, வண்டியை ஓட வைக்கிறது?"

பரமசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டார். மனுஷருக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஐம்பத்தாறு தேசத்துலயும் அதுக்கு இந்தக் கை ஒண்ணுதான்!"

"எழுதும் ஓய், பரமசிகாமணி ஒன்று."

எழுத்தரும் மளமளவென்று எழுதிவிட்டார். பரமசிகாமணிக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன ஓய் விளையாட்டு இது?"

"விளையாட்டு என்ன? உத்தரவு ஆயாச்சு. நாளைக்குப் பயணம். மலையில அட்டை ஜாஸ்தி, காலைப் பார்த்துக்கும். கரடியும் இருக்கு, ஆனா சாது. வீட்டில சொல்லிட்டு நல்ல கம்பளியா ஒண்ணு எடுத்துக்கும்."

பரமசிகாமணி தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா! கட்டை வண்டிதான் உசத்தி!"

"இப்பத்தானே அடுப்புக்குப் போகிற கட்டைன்னு சொன்னீர்?"

"என் புத்தி கெட்டுப் போச்சு மகாராஜா! அச்சு ஒடிஞ்சா இந்த அம்மாவே ஒரு கருவேல மரத்தை வெட்டிச் செதுக்கி மாட்டிக்குவாங்க. உலை வேண்டாம், பட்டறை வேண்டாம். முக்கியமா, நான் வேண்டவே வேண்டாம்!"

"அட, அதைத்தானய்யா நானும் அப்போலேருந்து சொல்றேன்!" என்றாள் பேச்சியம்மாள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

ராஜா சிரித்த சிரிப்பில் மயில் வண்டியின் வில்லெல்லாம் கிறீச்சிட்டது. நாற்பது கட்டை வண்டிக்கு அங்கேயே உத்தரவானது.

"கொம்பையா, உன் சாமர்த்தியத்துக்கு என்ன கொடுத்தாலும் தகும். இந்தா, இந்த மயில் வண்டியே உனக்குப் பரிசு!"

கொம்பையா இரண்டடி பின்னால் நகர்ந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! வண்டிக்கு வேண்டிய சாமான் எல்லாம் வண்டியோட போகணும்னு உங்க உத்தரவு இருக்கே. என் குடிசையில இவரை எங்கே படுக்க வைப்பேன்?"