ராஜாவுக்கு முதுகு காட்டாத பஸ்

கொண்டலூர் சமஸ்தானத்தில் ராஜாவும் இருந்தார், டீசல் பஸ்ஸும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே காலத்தில் இருக்கும் என்று கேட்கிறவர்கள் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். கதை அவர்களுக்காக நிற்காது.

ராஜா வீரகண்டீரவர் தங்கமான மனுஷர். ஆனால் சம்பிரதாயம் என்று வந்துவிட்டால் மகா பிடிவாதம். அவருக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. மந்திரியோ மாவுத்தனோ, வந்த காரியம் முடிந்ததும் ராஜா முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வாசலைத் தாண்ட வேண்டும். தூணில் இடித்துக்கொள்ளாத மண்டை அந்த அரண்மனையில் கிடையாது. பட்டத்து யானைகூட ரிவர்ஸில்தான் போகும்.

அந்தச் சபையில் விகடகவி மாசிலாமணி. அவருக்கு ஒரே மகள் பூங்கோதை. பள்ளிக்கூட பஸ்ஸில் அவளுக்குக் கடைசி சீட்டு. அந்த பஸ் கிளம்பும்போதே தெருவை இருட்டாக்கிவிடும். பாதிப் புகை ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டு பிள்ளைகளோடு பள்ளிக்கூடம்வரை போகும். வீட்டுக்கு வந்தால் பூங்கோதைக்கு இருமல் நிற்காது. மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். ஊரையே சிரிக்கவைக்கிற மனுஷர் அன்றைக்கு அழுதார் பாருங்கள், பெற்ற மனசு கேட்குமா?

ராஜாவிடம் ஓடினார். ராஜா அந்த இடத்திலேயே மானியம் அறிவித்தார். எந்தத் தாலுகாவில் பள்ளிக்கூட பஸ் புகை விடுகிறதோ, அங்கே அரண்மனைச் செலவில் பேட்டரி பஸ். பழையதை உடைத்து உருக்கிவிட வேண்டும். மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொக்கிஷதார் ஆபத்சகாயத்துக்கோ வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? அத்தனை பஸ்ஸுக்கும் டீசல் விற்பவர் அவருடைய மைத்துனர். ரொம்பப் பவ்யமாக ஒரு நிபந்தனை சொன்னார். இல்லாத புகையைச் சொல்லி மானியம் வாங்கப் பார்ப்பார்கள்; ஆகவே மகாராஜாவே புகையைத் தம் கண்ணால் பார்த்த பிறகுதான் கஜானா திறக்க வேண்டும். நியாயம்தானே என்று ராஜா முத்திரை குத்திவிட்டார்.

சூட்சுமம் புரிகிறதா? பஸ்ஸும் ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது அல்லவா. மாலை போட்ட பஸ் அரண்மனை முற்றத்துக்குள் முன்பக்கமாக வரும். ராஜாவைப் பார்த்து நிற்கும். அப்படியே ரிவர்ஸில் போய்விடும். புகைக் குழாய் எங்கேயோ பின்னால். தப்பித் தவறி ஒரு கீற்று வந்தாலும் சாமரம் வீசுகிறவர்கள் விரட்டிவிடுவார்கள். ஒவ்வொரு தாலுகா பஸ்ஸாக வந்தது. புகை எங்கே என்று ராஜா கேட்டார். வந்த பஸ் வெறுங்கையோடு திரும்பியது. ஆபத்சகாயம் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் மாசிலாமணி தெரு பஸ்ஸின் முறை. முந்தின நாள் சாயங்காலமே அவர் ஒரு டப்பா பெயிண்டும் பிரஷ்ஷுமாகத் தம் வீட்டு வாசலில் டிரைவர் சவரிமுத்துவைப் பிடித்தார். விஷயத்தைக் கேட்டதும் சவரிமுத்துவுக்கு வெலவெலத்துப் போயிற்று. தலை போய்விடும் சாமி, ஆளை விடுங்கள் என்றார். அதற்குள் உள்ளே பூங்கோதை இரும ஆரம்பித்தாள். அது ஓய்கிற வழியாக இல்லை. சவரிமுத்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

விடிந்தது. சபை கூடியது. கோட்டை வாசலில் பஸ் நுழைந்தது, பின்பக்கமாக. அந்தப் பின்பக்கத்தில் ஒரு முகம். உருட்டி விழிக்கிற இரண்டு கண், நெற்றியில் பட்டை, கன்னம்வரை முறுக்கிய மீசை. கீழே வாய். வாயோரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது புகைக் குழாய். ராஜாவுக்கு நேர் எதிரே வந்து நின்றதும் சவரிமுத்து ஆக்சிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தினார்.

அவ்வளவுதான். சபையே காணாமல் போனது. சாமரக்காரர்கள் சாமரத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். புகை விலகியபோது ராஜாவின் வெள்ளைப் பட்டும் கறுப்பு, ராஜாவும் கறுப்பு.

"எவன்டா அவன், என் முன்னால் சுருட்டுப் பிடிக்கிறவன்?" என்றார் ராஜா இருமிக்கொண்டே. "நாடு கடத்துங்கள் அவனை."

"உத்தரவு மகாராஜா," என்றார் மாசிலாமணி. "தாலுகாவுக்குத் தாலுகா இவன் கூட்டாளிகள் இருக்கிறார்கள்."

"ஒருத்தன் பாக்கியில்லாமல் கடத்துங்கள்."

ஆபத்சகாயம் துள்ளி எழுந்தார். "மகாராஜா, ஏமாந்துவிடாதீர்கள். அது முகமே இல்லை, பஸ்ஸின் முதுகு. உங்களுக்கே முதுகு காட்டவைத்த இந்த விகடகவிக்குச் சவுக்கடி கொடுக்க வேண்டும்."

மாசிலாமணி ஓரடி முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"முதுகு என்றால் முதுகு, மகாராஜா. சவுக்கடி வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த முதுகிலிருந்து வந்த புகையைத் தாங்கள் கண்ணால் பார்த்தாகிவிட்டது, கஜானாவைத் திறக்க வேண்டும். முகம் என்றால் தங்கள் எதிரே புகைபிடித்த குற்றம், பஸ்ஸெல்லாம் நாட்டைவிட்டுப் போக வேண்டும். முகமா முதுகா, பொக்கிஷதாரே சொல்லிவிடட்டும்."

ஆபத்சகாயம் பஸ்ஸைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது.

"மகாராஜா, அது வந்து... பக்கவாட்டு."

ராஜா சிரித்தார். இருமினார். இருமி இருமிச் சிரித்தார். எல்லாத் தாலுகாவுக்கும் பேட்டரி பஸ் என்று சொல்லி, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். மாசிலாமணிக்கு மாலை கண்ணில் படவில்லை. பிள்ளை பிழைத்தாள் என்று சபை நடுவிலேயே விம்மினார்.

ஆபத்சகாயம் விட்டாரா? பேட்டரி பஸ் கடல் தாண்டி வர வேண்டும், எப்படியும் ஒரு வருஷம் பிடிக்கும் என்று இழுத்தார்.

"அவசரமே இல்லை," என்றார் ராஜா. "வருகிறவரை தினமும் காலையில் நீர் போய், பஸ்ஸின் பக்கவாட்டு என்றீரே, அங்கேயே நின்று பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு வாரும்."

ஒரே வாரத்தில் பேட்டரி பஸ் வந்துவிட்டது. பூங்கோதை ஏறி உட்கார்ந்து ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டாள். துறைமுகத்திலிருந்து அது சீக்கிரம் வந்து சேரட்டும் என்று வழியெல்லாம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தவர் ஆபத்சகாயம்.