துவாக்குடி வரவில்லை

டாக்டர் நல்லசிவம் கைதேர்ந்த அறுவை நிபுணர். மருந்துப் பரிசோதனை நடத்தக் கற்றுக்கொள்வதற்காக, தன்னைவிட வயதில் இளைய டாக்டர் ஹமீதா பானுவிடம் வந்து சேர்ந்தார். கௌரவம் பார்க்காத மனிதர். அவசரம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஒரு புது மருந்து திருச்சியிலும் மதுரையிலும் பரிசோதனையில் இருந்தது. அது நோயை நேராகத் தாக்காது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும்.

"கட்டிப்போட்ட நாயை அவிழ்த்துவிடற மாதிரி. திருடனைக் கடிக்கும். சமயத்துல வீட்டு ஆளையும் கடிக்கும்" என்று ஹமீதா பானு பரிசோதனையில் சேரும் ஒவ்வொரு நோயாளியிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

அன்று காலை நல்லசிவம் ஸ்கேன் படத்தோடு ஓடிவந்தார்.

"மேடம், சவரிமுத்துவுக்குக் கட்டி பாதியாயிடுச்சு!"

சவரிமுத்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சிறுநீர்ப்பையை எடுத்துவிடலாம் என்றபோது, இடுப்பில் மூத்திரப் பையைக் கட்டிக்கொண்டு அலைய மாட்டேன் என்று ஒரே பிடியாக மறுத்தவர். அவருக்கு இந்த மருந்தை விட்டால் வேறு கதியில்லை.

"சந்தோஷம். கண்ணு, மூச்சு எல்லாம் சரியா இருக்கா?"

"ஒண்ணும் குறையில்லை மேடம்."

பதில் தேவைக்கு மேல் சீக்கிரமாக வந்தது. ஹமீதா பானு எழுந்து அவரையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கு நடந்தார்.

சவரிமுத்துவின் தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

"ஐயா, மேல ஃபேனைப் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது."

பார்த்தார். வலது இமை மெல்ல இறங்கியது. நெற்றியைச் சுருக்கி அதை ஏற்றினார். மறுபடி இறங்கிப் பாதிக் கண்ணை மூடியது. நல்லசிவம் தரையைப் பார்த்தார்.

"தூக்கக் கலக்கம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் சவரிமுத்து.

"தஞ்சாவூர் வரைக்கும் ஸ்டாப்பு எல்லாத்தையும் ஒரே மூச்சில சொல்வீங்களே. சொல்லுங்க பார்ப்போம்."

அவர் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தார்.

"பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர்..."

குரல் மூக்கில் ஏறியது.

"துவா..."

துவாக்குடி வரவில்லை. வாய் திறந்தபடி, மார்பு தூக்கிப் போட, நல்லசிவத்தின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"சிஸ்டர், ஐ.சி.யூ. ஸ்டீராய்டு ஊசி எடுங்க. இதயத்தையும் உடனே பார்க்கணும்."

ஹமீதா பானு குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் வார்டே ஓடியது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது சவரிமுத்து திணறினார். "டாக்டர் தம்பியைத் திட்டாதீங்க... நான்தான்... எழுத வேணாம்னேன்... மருந்தை நிறுத்திடுவீங்கன்னு..."

கதவு மூடியது. வெளியே இருவரும் நின்றார்கள்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு மூணு நாளா சொன்னார் மேடம். நான் கேஸ் ஷீட்ல எழுதல. எழுதினா நிறுத்தியாகணும். கட்டி கரையற நேரத்துல எப்படி நிறுத்தறது? மனுஷன் பிழைக்கட்டுமேன்னுதான் மறைச்சேன். அது தப்பா?"

அதில் பொய் இல்லை. அந்த மனிதர்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

ஹமீதா பானு போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார்.

"மதுரையில ஒரு அம்மாவுக்கு இன்னிக்கு இதே மருந்து ஏத்தணும். கண்ணு இமை கனக்குதுன்னு சொல்றாங்களாம். திருச்சியில யாருக்காவது இப்படி ஆச்சான்னு அங்க இருக்கிற டாக்டர் காலையில என்னைக் கேட்டார். நீங்க எழுதினதைப் பார்த்துட்டு, யாருக்கும் இல்லைன்னு சொன்னேன்."

போனை நல்லசிவத்தின் கையில் வைத்தார்.

"ரிங் போகுது. பேசுங்க."