கரையில் வைத்த வாள்

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பேர் மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அதை ஆண்ட வெண்குடை மகாராஜா நல்லவர்தான். ஆனால் ஒரு கனவு கண்டுவிட்டால் போதும், விடிந்ததும் அது அரசாணை ஆகிவிடும். ஒருநாள் காலை கண்ணைக் கசக்கிக்கொண்டே சபைக்கு வந்தார்.

"கிராம்பு மெத்தையில் படுத்திருந்தேன். மெத்தை மெல்லக் கடல்மேல் மிதந்து போயிற்று. மூச்சு விட்டால் வாசனை, மூச்சு இழுத்தால் வாசனை! அந்த மெத்தை எனக்கு வேண்டும். நூறு மூட்டை கிராம்பு தருவியுங்கள்!"

கிராம்பு அந்த நாட்டில் விளையாது. ஐந்து நாள் கடல் தாண்டி ஒரு தீவில்தான் விளையும். அங்கே வியாபாரம் நடக்கிற முறையே தனி. இங்கிருந்து போகிறவர்கள் உப்பு மூட்டையைக் கரையில் அடுக்கிவிட்டு, தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை காட்டிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் பக்கத்தில் கிராம்பு இருக்கும். விலை சம்மதமானால் கிராம்பை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவரலாம். சம்மதமில்லையா, இரண்டையும் தொடாமல் இன்னொரு நாள் காத்திருக்கலாம். மூன்று தலைமுறையாக இப்படித்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஒரு பிடி உப்பு களவு போனதும் இல்லை.

இந்த வருஷம் மட்டும் கப்பல் வெறுமனே திரும்பியிருந்தது. வைத்த உப்பு வைத்த இடத்திலேயே கிடந்ததாம்.

"ஏன் அப்படி?" என்று கேட்டார் மகாராஜா.

அந்த உப்பை மூட்டை கட்டி அனுப்புகிற வணிகர் தலைவர் குபேரதாசர் எழுந்தார். அவருக்கு வயிறு பெரிது, ஆசை அதைவிடப் பெரிது. "திமிர், பிரபு! தங்கள் கொடி பறக்கும் கப்பலைத் திருப்பி அனுப்பியது தங்களையே அவமதித்ததற்குச் சமம்."

தளபதி ரணசூரர் மீசையைத் தடவினார். "நாற்பது கப்பலும் ஆயிரம் வாளும் கொடுங்கள், பிரபு. தீவில் ஒரு கோட்டை கட்டி அந்த ஜனங்களைப் பாதுகாப்போம். கிராம்பு இனாமாக வரும்."

மூலையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த விகடகவி மாசிலாமணி தலையைத் தூக்கினார். "பாதுகாப்பதா? யாரிடமிருந்து, தளபதியாரே? அந்தப் பக்கம் போகிறவர்கள் நாம் மட்டும்தானே?"

சபை கொல்லென்று சிரித்தது. இருவர் முகமும் சுண்டிப்போயிற்று. இவரை ஒருநாள் மாட்டிவைக்க வேண்டும் என்று அவர்கள் காத்திருந்தது எத்தனை வருஷம்!

"பிரபு, வாய்ப்பேச்சு எதற்கு?" என்றார் குபேரதாசர். "தங்கள் வாளை விகடகவியிடமே கொடுத்து அனுப்புவோம். தீவில் அந்த வாள் என்ன சம்பாதிக்கிறது என்று அவரே பார்த்து வரட்டும்."

மகாராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "மாசிலாமணி! என் பாட்டனாரின் வாள் இது. இதைத் தீவில் இறக்கு. அங்கே இது சம்பாதிப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் என் முன் கொண்டுவந்து வை. வெறுங்கையோடு வந்தால் உன் தலை போகும். பௌர்ணமியன்று நாற்பது கப்பலும் புறப்படும்."

தன் தலையைப் பற்றி மாசிலாமணி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. தலையால் அவர் கண்ட சுகம் அப்படி. முகம்கூடத் தெரியாத அந்த ஜனங்களைப் பற்றித்தான் கவலை. உப்பளத்துக்குப் போய், தன் கைக்காசில் ஒரு மூட்டை நல்ல உப்பு வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்.

ஐந்தாம் நாள் விடியற்காலை தீவுக்கு முன்னால் அதன் வாசனை வந்தது. பனிமூட்டத்துக்குள் கடல் அசையாமல் கிடந்தது. துடுப்புப் போட்டவர்கள் துடுப்பை மறந்தார்கள், படகு தன்பாட்டுக்குப் போயிற்று. பால்போல் வெளுத்த மணலில் மாசிலாமணி ஒரு பக்கம் வாளை வைத்தார், ஒரு பக்கம் உப்பை வைத்தார். புகை காட்டிவிட்டுத் திரும்பும்போது மரங்களுக்குள் எங்கேயோ ஒரு குழந்தை சிரித்தது. தூக்கத்தில் கேட்டதோ நிஜமாகக் கேட்டதோ என்று படகில் ஒருவருக்கும் நிச்சயமில்லை.

பௌர்ணமிக்கு முதல்நாள் அவர் சபைக்கு வந்து சேர்ந்தார். பொன் தாம்பாளம் ஒன்றை, பட்டுத்துணி போட்டு மூடி, மகாராஜா முன் வைத்தார். துணியை விலக்கினால் உள்ளே ஒரே ஒரு கருவாடு!

தளபதி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னடா இது? என் வாள் எங்கே?" என்று கத்தினார் மகாராஜா.

"விற்றாயிற்று, பிரபு. அது சம்பாதித்தது இதுதான். அவ்வூர் முறைப்படி கரையில் வைத்தேன். காலையில் பார்த்தால் வாளில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கிளை கழிக்கப் பார்த்திருப்பார்கள், நீளம் அதிகம். மண் வெட்டப் பார்த்திருப்பார்கள், ஆகவில்லை. ஒரு மீனை அறுத்திருக்கிறார்கள், அறுத்தது. அதற்கு ஒரு கருவாடு."

"இன்னும் கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?"

"ஒருநாள் காத்திருந்தேன், பிரபு. கொசுறாக ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்." மடியிலிருந்து அதையும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்.

"வாளைக் கீழே வைத்தால் கருவாடுதான் வரும்! வீசியிருக்க வேண்டும்!" என்று பாய்ந்தார் ரணசூரர்.

"வீசலாம், தளபதியாரே. வீசிய பிறகு மரம் ஏறுவது யார்? கிராம்பை மொட்டு விரியும் முன்னே பறிக்க வேண்டும். அதைத் தெரிந்த கைகளை வெட்டிவிட்டுத் தாங்கள் ஏறுவீர்களா?"

மகாராஜா உதட்டைக் கடித்துக்கொண்டார். "அப்படியானால் ஆயிரம் வாள் அனுப்பினால்?"

"ஆயிரம் கருவாடு, பிரபு. அத்தனை மீன் அவர்களிடம் இருக்குமோ என்னவோ."

அவ்வளவுதான், மகாராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் மாசிலாமணி வெளியே போய், ஒரு மூட்டை கிராம்பையும் ஒரு சின்ன ஓலைக்கூடையையும் கொண்டுவந்து வைத்தார்.

"மூட்டை, என் உப்புக்குக் கிடைத்தது. கூடை அதன் பக்கத்தில் இருந்தது. போன வருஷம் நாம் அனுப்பிய உப்பில் இது கலந்திருந்தது போலிருக்கிறது. நம் பொருள் நமக்கே என்று, சிந்தாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்."

கூடையில் மணல். மகாராஜா ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தார். அவருடைய துறைமுகத்தில் மட்டும் கிடைக்கிற கருமணல். குபேரதாசரைப் பார்த்தார். அவர் கைகூப்பினார்.

"பிரபு... ஒரு மூட்டைக்கு ஒரு படிதான்..."

மகாராஜா அவரை விட்டுவிட்டுக் கருவாட்டைக் கையில் எடுத்தார். "என் பாட்டனார் காலத்திலிருந்து அந்த வாள் எத்தனையோ ஊர்களைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. கொடுத்தவர்கள் மனம் ஒப்பிக் கொடுத்தது இது ஒன்றுதான்," என்றார்.

தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணி கழுத்தில் போட்டார். படையெடுப்பு நின்றது. குபேரதாசர் உப்பளத்தில் உட்கார்ந்து தம் கையால் உப்பைச் சலிக்க வேண்டும், ரணசூரர் அதைக் கப்பலில் ஏற்றிப் போய்க் கரையில் அடுக்கிவிட்டுப் பேசாமல் திரும்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ஒரு மூட்டை கிராம்பு மெத்தைக்குக் காணாது, தலையணைக்குக் காணும். அதில் தலை வைத்து மகாராஜா சற்றே கண்ணயர்ந்தார். கனவில் வெள்ளை மணலில், இடுப்பில் வாளில்லாமல், ஒரு மூட்டை உப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மரங்களுக்குள் குழந்தை சிரித்தது. யாரோ வரப்போகிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனால் பயமாக இல்லை.

விழித்தவர் அன்றைக்கு அரசாணை எதுவும் போடவில்லை. அந்தக் கருவாட்டைச் சுட்டுக் கொண்டுவரச் சொல்லி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சோற்றோடு பிசைந்து ஒரு வாய் வைத்தார். பல்லில் நறுக்கென்று ஏதோ கடிபட்டது. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு மணல் பரல், கறுப்பாக இருந்தது. அந்தக் கருவாடும் போன வருஷத்து உப்பில்தான் ஊறியிருக்கிறது.