கை அழுக்காகாத சேந்தன்

புளிச்சான் ஓடைக்கரையில் ஒரு முள்ளம்பன்றி, காட்டுக் குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். உடம்பு முழுக்க முள்; பெயர் மட்டும் கோமளம்! அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. ஆனால் காட்டில் யாரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. சிரித்தால் டீச்சருக்கு முள் சிலிர்த்துவிடும்.

அது மூன்று வயசு நான்கு வயசுக் குட்டிகளுக்கான பள்ளிக்கூடம். அங்கே பாடம் கிடையாது, விளையாட்டுதான். புங்க இலையை நாவல்பழச் சாற்றில் முக்கிப் பாறையில் அச்சுக் குத்துவார்கள். உதிர்ந்த மகிழம்பூவைப் புல்லில் கோப்பார்கள். சுரைக்குடுக்கையால் மணலை அள்ளி அள்ளி ஊற்றுவார்கள். ஏன் ஊற்றுகிறாய் என்று கேட்டால் எந்தக் குட்டிக்கும் பதில் தெரியாது. ஊற்றுவது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விளையாட்டுக்குக் 'கைவிட்டுச் சொல்லு' என்று பெயர். ஓடை ஓரத்தில் டீச்சர் ஒரு குழி தோண்டி, அதைக் கொழகொழவென்று சேற்றால் நிரப்பி வைத்திருந்தாள். அதற்குள் கூழாங்கல், நத்தை ஓடு, புங்கங்காய் என்று எதையாவது போடுவாள். குட்டி கண்ணை மூடிக்கொண்டு கையை விட வேண்டும். தடவிப் பார்த்து என்ன பொருள் என்று சொல்ல வேண்டும்.

"கல்லு, டீச்சர்!"

"எப்படித் தெரியும்?"

"சில்லுன்னு இருக்கு. வழவழன்னு இருக்கு. கடிக்க மாட்டேங்குது!"

எல்லாக் குட்டிகளும் சேற்றில் கையை விட்டன, ஒரே ஒரு குட்டியைத் தவிர. அவன்தான் சேந்தன், நீர்நாய்க் குட்டி. தாமரை இலையை விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான்.

"சேந்தா, வாடா தங்கம். ஒரு விரலை மட்டும் விட்டுப் பாரு" என்று டீச்சர் கூப்பிடுவாள்.

"மாட்டேன். சேறு ஒட்டும். அம்மாவுக்குப் பிடிக்காது."

இதைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். ஏனென்றால் புளிச்சான் ஓடை நீர்நாய்கள் கண்ணால் இரை தேடும் கூட்டம் இல்லை. கல்லுக்கடியில், கலங்கின தண்ணீரில், சேற்றுக்குள்ளே விரலை விட்டுத் தடவித் தடவித்தான் நண்டு பிடிப்பார்கள். அந்த விரல்தான் அவர்களுக்குக் கண். நீர்நாய்க்குச் சேறு ஆகாது என்றால் எப்படி!

ஆனால் சேந்தனின் அம்மா பவுனு அப்படித்தான் வளர்த்தாள். போன மழைக்கு வந்த வெள்ளம் அவள் புருஷனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்த ஒரு பிள்ளைதான். அவன் கால் தரையில் படக் கூடாது, கையில் தூசி ஒட்டக் கூடாது என்று தாங்கினாள். அந்த ஓடையிலேயே நண்டு பிடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பிடித்து, ஓட்டை உடைத்து, சதையைப் பிய்த்து, பிள்ளை வாயில் ஊட்டி, வாயையும் துடைத்து விடுவாள். சேந்தனுக்கு நண்டு என்றால் வெள்ளையாக, மெத்தென்று, அம்மா கையில் இருக்கும் ஒரு பண்டம். அதற்குக் கால் உண்டு, கொடுக்கு உண்டு என்பதெல்லாம் அவனுக்குத் தெரியவே தெரியாது.

இப்படி இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வந்தது.

"களிமண்ணில் ஏதாவது ஒண்ணு செஞ்சிட்டு வாங்க. நீங்களேதான் செய்யணும்!" என்று டீச்சர் குட்டிகளிடம் சொல்லி அனுப்பினாள்.

சேந்தன் வீட்டுக்கு வந்து களிமண் உருண்டையைப் பார்த்தான். களிமண்ணும் அவனைப் பார்த்தது. அவன் ஒரு விரலை நீட்டி, தொடும் முன்னே இழுத்துக்கொண்டான்.

"நீ விடுடா கண்ணு, உன் கை அழுக்காயிடும். அம்மா பார்த்துக்கறேன்" என்றாள் பவுனு.

பார்த்துக்கொண்டாள் என்றால் சும்மா இல்லை! விடிந்ததும் உட்கார்ந்தவள் வெயில் சாயும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு கெண்டை மீன் செய்தாள். செதிள் செதிளாக நகத்தால் கீறினாள். வாலை வளைத்தாள். கண்ணுக்குக் குன்றிமணி வைத்தாள். சேந்தன் பக்கத்திலேயே தூங்கிப் போனான்.

மறுநாள் கண்காட்சி. பாறைமேல் வரிசையாகப் பொருள்கள். உருளை என்கிற காட்டுப்பன்றிக் குட்டி எதையோ கொண்டுவந்து வைத்தான். அது சட்டியும் இல்லை, மலையும் இல்லை. யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. விசாரித்தால், ஆமாம், உருளைதான் உட்கார்ந்து எழுந்திருக்கிறான்.

"இது என்னங்க?" என்று பவுனு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அவன் செஞ்சது. என்னன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது!" என்றாள் உருளையின் அம்மா மொக்கச்சி. அவளுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

பரிசு கொடுக்க மீன்கொத்தி வந்திருந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் கெண்டை மீனைக் கண்டதும் சடாரென்று பாய்ந்து ஒரு கொத்து கொத்தினார்! அலகு களிமண்ணில் சொருகிக்கொண்டது. இரண்டு பேர் வாலைப் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

"அடேயப்பா! என்னையே ஏமாத்திருச்சே! முதல் பரிசு இதுக்குத்தான்!" என்று மண் ஒட்டின வாயோடு சொன்னார்.

எல்லாரும் கைதட்டினார்கள். பவுனு எல்லாரையும்விட பலமாகத் தட்டினாள்.

கோமளம் டீச்சர் மட்டும் தட்டவில்லை. மற்றக் குட்டிகளின் கைகளைப் பார்த்தாள். நகத்துக்குள்ளே செம்மண் அப்பியிருந்தது. பிறகு கூட்டம் கலைந்ததும் பவுனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சேந்தன் அம்மா, மீன் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா உங்களுக்கு நான் பாடம் எடுக்கலையே?"

பவுனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சொல்றீங்க? பரிசு வாங்கினது என் பிள்ளை!"

"பரிசு யார் வேணா வாங்கலாம். நாளைக்கு அவன் நண்டு பிடிக்கணுமில்ல? அவன் விரலுக்கு இன்னும் ஈரமும் காய்ஞ்சதும்கூடத் தெரியாது."

"அவனுக்கு நண்டு பிடிக்க நான் இருக்கேன்! சேத்துல புரளவிடறதுக்குப் பேரு பள்ளிக்கூடமா? இதுக்கு ஒரு டீச்சர் வேறயா? நாளையிலிருந்து அவன் வர மாட்டான்!"

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள். டீச்சரும் பின்னால் போய்க் கெஞ்சவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஓடைத் தண்ணீர் செம்மண் குழம்பாகி ஓடியது. பவுனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? வழக்கம்போல இறங்கினாள். ஒரு பாறைக்கு அடியில் வலது கையை விட்டாள். அந்த நேரம் மேலிருந்து தண்ணீர் ஒரு தள்ளுத் தள்ளியது. பாறை புரண்டது. கை நசுங்கியது.

கையை உருவிக்கொண்டு கரை ஏறியவளுக்கு வலியில் கண் இருட்டியது. விரல்கள் வீங்கி மடங்கவில்லை. மறுபடி இறங்கி இடது கையால் நண்டு தடவிப் பார்த்தாள். ஒரு கையால் கல்லைத் தூக்கினால் பிடிக்கக் கை இல்லை. பிடிக்கப் போனால் தூக்கக் கை இல்லை.

முதல் நாள் சேந்தன் பசிக்கிறது என்று சிணுங்கினான். இரண்டாம் நாள் அழுதான். மொக்கச்சி மனசு கேட்காமல் கிழங்கு தோண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். சேந்தன் ஒரு கடி கடித்து வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் அவன் அழவும் இல்லை. சுருண்டு படுத்துக்கொண்டான்.

"அம்மா, நண்டு எடுத்துக் குடும்மா."

"முடியலடா கண்ணு. அம்மாவால முடியல." பவுனு வீங்கின கையைப் பார்த்துக்கொண்டாள். "நீ... நீயே போய் ஒண்ணு எடுத்துப் பாக்கறியா?"

"எனக்குத் தெரியாதேம்மா" என்றான் சேந்தன்.

குற்றம் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. தெரியாது என்பதைத் தெரியாது என்று சொன்னான். அதுதான் அவளைச் சுருக்கென்று குத்தியது.

பிள்ளையை இடது கையால் அணைத்துத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மழையிலும் குட்டிகள் ஆடிக்கொண்டிருந்தன. டீச்சரைப் பார்த்ததும் பவுனுக்குத் தலை தானாகக் குனிந்தது.

"டீச்சர், திரும்பச் சேர்த்துக்குவீங்களா? நான் பேசினது தப்பு. புத்தி இல்லாம பேசிட்டேன்."

கோமளம் அவள் கையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பழசை ஒன்றும் கிளறவில்லை.

"சேர்த்துக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன். நீங்க அந்தப் பாறைக்குப் பின்னால போய் உக்காரணும். என்ன ஆனாலும் எழுந்து வரக் கூடாது."

"என்ன ஆனாலுமா?"

"என்ன ஆனாலும்!"

பவுனு போய் உட்கார்ந்தாள். சேந்தன் சேற்றுக்குழி ஓரத்தில் தனியாக நின்றான். ஒரு விரலை நீட்டினான், இழுத்தான். நீட்டினான், இழுத்தான். பின்னால் வரிசையில் நின்ற உருளைக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய், இறங்குடா! எவ்வளவு நேரம்!" என்று சொல்லிக்கொண்டே குழிக்குள் குதித்தான். தொபுக்! தலை முதல் வால்வரை சேந்தன்மேல் சேறு அப்பிக்கொண்டது.

சேந்தன் வீல் என்று கத்தினான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மா வந்து கழுவிவிடுவாள் என்று நின்றான். அம்மா வரவில்லை. பாறைக்குப் பின்னால் பவுனு தன் வாலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் வழிந்த சேற்றை நாக்கால் தொட்டான். மூஞ்சியைச் சுளித்தான். விரல்களைச் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தான். பச் பச் என்று சத்தம் வந்தது. மறுபடியும் செய்தான். அது அவனுக்குப் பிடித்துப் போனது!

"இனி அழுக்காக இடமே இல்லை. கையைத்தான் விடேன்" என்றாள் டீச்சர்.

சேந்தன் முழங்கைவரை விட்டான்.

"சில்லுன்னு இருக்கு... வழவழன்னு... கல்லு!"

"கல்லேதான்! அப்புறம்?"

"இது நீளமா, சொரசொரன்னு... குச்சி. இது... இது ஓடுது டீச்சர்! ஐயோ! கடிக்குது, கடிக்குது!"

வெள்ளத்தில் அடித்துவந்த நிஜ நண்டு ஒன்று குழிக்குள் பதுங்கியிருந்தது. அதை டீச்சர் போடவில்லை. பவுனு துள்ளி எழுந்துவிட்டாள். கோமளத்தின் முதுகில் அத்தனை முள்ளும் ஒரே நேரத்தில் சிலிர்த்தது.

"உக்காருங்க!"

"பிள்ளை அழறான் டீச்சர்!"

"அழட்டும். கையை அவன் வெளிய எடுக்கலை, பாத்தீங்களா?"

உண்மைதான். சேந்தன் அலறினானே தவிரக் கையை எடுக்கவில்லை. மூன்று நாள் பசி. விரலுக்கடியில் ஏதோ உயிருள்ளது ஓடுகிறது. அவன் உள்ளுக்குள் இருந்த நீர்நாய் விழித்துக்கொண்டது. கடிக்கிற பக்கத்தை விட்டுவிட்டுத் தடவினான். முள்ளு முள்ளாகக் கால். அதைத் தாண்டி அகலமாக, மேடாக ஒரு முதுகு. அங்கே கடிக்கவில்லை. அமுக்கிப் பிடித்தான். நண்டு நழுவியது. அவன் கையில் ஒரே ஒரு கால் மட்டும் வந்தது.

அதை வாயில் போட்டுக் கடக் கடக் என்று மென்றான். கண் விரிந்தது. யாரும் சொல்லாமலே மறுபடி கையை விட்டான். நழுவியது. இன்னொரு தரம் விட்டான். அதுவும் நழுவியது. உருளை உட்பட எல்லாக் குட்டிகளும் விளையாட்டை விட்டுவிட்டுச் சுற்றி நின்றன. ஆறாம் தரமோ ஏழாம் தரமோ, சேந்தன் மல்லாக்க விழுந்தான். விழுந்தவன் நெஞ்சின்மேல் இரண்டு கையாலும் முதுகுப்பக்கமாக அமுக்கிப் பிடித்த நண்டு இருந்தது!

"அம்மா! நண்டுக்குக் காலெல்லாம் இருக்கு!" என்று கத்தினான்.

இப்போது டீச்சர் தடுக்கவில்லை. பவுனு ஓடிவந்தாள். ஓடு கெட்டி. பிள்ளை பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கை பரபரத்தது. நல்ல கையை நீட்டினாள்.

"கொண்டா கண்ணு, அம்மா உடைச்சுத் தரேன்."

சேந்தன் நண்டைக் கட்டிக்கொண்டு வெடுக்கென்று முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"தொடாதே! நானே!"

பவுனு நீட்டின கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தாள். அவன் ஓட்டை உடைக்க வெகுநேரம் பிடித்தது. பாதி சதை மண்ணில் சிந்தியது. மிச்சத்தில் பெரிய துண்டாகப் பார்த்து, சேற்றோடு அப்படியே அம்மாவிடம் நீட்டினான்.

குழந்தையின் கையில் ஒட்ட வேண்டிய சேற்றை நம் கையில் ஒட்டிக்கொண்டால், வேலை கற்றுக்கொள்வது நாம்தான். பசியோடு நிற்பது குழந்தை.