பழியைக் கேட்டு வந்த மூவர்

புகழுக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இது பழிக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதை. பாதியிலேயே தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படி அவசரப்பட்டுச் சொன்னவர்களில் ஒருவராவது சரியாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆலங்குறிச்சியில் மாடக்கண்ணு என்றொரு கொல்லர் இருந்தார். அவர் மனைவி உலகம்மாள். இரும்பை அடித்து உருக்கொடுப்பது அவர் வேலை, துவைச்சல் போட்டு அதன் வாய்க்கு உறுதி ஏற்றுவது அவள் வேலை. செய்த கருவியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுப்பாள். உள்சூடு மெல்ல மெல்ல வெட்டும் வாய்க்கு ஏறும். வாய் வைக்கோல் நிறத்துக்கு வந்த கணத்தில் மறுபடி முக்கி நிறுத்திவிடுவாள். அந்தச் சூடு ஏறாவிட்டால் வாய் கண்ணாடி மாதிரி உதிர்ந்துவிடும், அதிகம் ஏறினால் இளகிப்போகும். இருபது வருடத்தில் அவள் கண் ஒருமுறைகூடத் தப்பவில்லை. மாடக்கண்ணுக்குத் தன் சுத்தியலைப் பற்றி இருந்த கர்வத்தில் பாதி, மனைவியின் கண்ணைப் பற்றியதுதான்.

அந்த ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை செதுக்குகிறவர் ஆவுடைநாயகம் என்ற தச்சர். சரிவில் இறங்கும் தேரை நிறுத்துவது சக்கரத்துக்கு அடியில் போடும் அந்தக் கட்டைதான். அவருக்கு மாடக்கண்ணு ஒரு வாய்ச்சி செய்து கொடுத்தார். மண்வெட்டி போலக் குறுக்கே பிடி போட்டு, மரத்தைச் செதுக்கித் தள்ளுகிற கருவி அது. கொடுக்கும்போது தேர்முட்டியில் நாலு பேர் முன்னால் வாயை விட்டார்.

"இந்த வாய்ச்சி மரத்துல மடிஞ்சுதுன்னா, அன்னையோட மாடக்கண்ணு சுத்தியலத் தொடமாட்டான்."

ஐந்து மாதம் அந்த வாய்ச்சி கருவேலம், புளி, வாகை எல்லாவற்றையும் பார்த்தது. கல்லில் தண்ணீர் விட்டு ஆவுடைநாயகம் தீட்டுவார், முழங்கை மயிரில் வைத்துப் பார்ப்பார், மழுமழுவென்று வழித்துவிடும். மாடக்கண்ணு அதைக் கேட்டுக் கேட்டு மீசையை நீவிக்கொள்வார்.

தேரோட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அந்த ஊரில் புதுக் கட்டைக்கு முதல் வெட்டு விழுவதைத் தேங்காய் உடைத்து எல்லோரும் கூடிப் பார்ப்பார்கள். ஊர் பார்க்கப்போகிற கருவி பழுப்பேறிக் கிடக்கலாமா என்று, ஆவுடைநாயகம் முதல் நாளே அதைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் மெஷின் சாணையில் பிடித்தார். தீபாவளிப் பூவாணமாகப் பொறி பறந்தது. திரும்பி வந்தபோது வாய்ச்சி கண்ணாடியாக மின்னியது, வாயோரம் மட்டும் மயில்கழுத்து நிறம் ஓடியிருந்தது. அந்த அழகை வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் தேங்காய் உடைந்தது. கட்டைக்கு வைத்திருந்தது பழைய தேரின் இலுப்பை மரம். ஐந்தாவது வெட்டில் வாய்ச்சி மரத்துக்குள் இறங்காமல் வழுக்கியது. தூக்கிப் பார்த்தால், நாலு விரல் அகல வாயும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக மடிந்திருந்தது. எங்கும் ஒரு சில்லு உதிரவில்லை.

மாடக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்குப் போய் உலையில் தண்ணீரை ஊற்றினார். சுத்தியலைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். ஊருக்கு அரிவாளும் கொழுவும் உளியும் அந்த உலையில்தான் பிறந்தன. அது அன்று அணைந்தது.

ஆவுடைநாயகம் ஓடிவந்து, தப்பு தன்னுடையது என்றார். பழைய தேர் மரத்துக்குள் ஆணி இருந்திருக்கும், தடவிப் பார்க்காமல் வெட்டிவிட்டேன், உங்கள் சொல் உங்களைக் கட்டாது அண்ணாச்சி என்று மன்றாடினார். உலகம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. துவைச்சல் போட்ட அன்று கூரை மாற்றுவதற்காக ஓலையைப் பிரித்திருந்தார்கள், வெயில் உலைமேல் விழுந்தது, வெயிலில் நிறம் சரியாகத் தெரியாமல் சூடு ஏறுமுன்பே நிறுத்தியிருப்பேன், தப்பு என் கண்ணுடையது என்றாள். மாடக்கண்ணு இரண்டு பேரையும் கையமர்த்தினார். வாய்ச்சிக்குப் போட்ட இரும்பு லாரியிலிருந்து கழித்த பழைய வில்பட்டை, அதோடு அன்று எனக்குக் காய்ச்சல், அடியில் தெம்பில்லை என்றார்.

"எம் பேர் சொன்ன பொருளு. அதுல தப்புன்னா அது எனக்குத்தான். அதுல யாருக்கும் பங்கு கிடையாது."

மூவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தேர் நிற்கக் கட்டை இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த மூன்று பேரில் யார் தன்மேல் போட்டுக்கொண்ட குற்றம் உண்மை? மாடக்கண்ணு சுத்தியலை விடத்தான் வேண்டுமா?

விடை: மூன்றுமே உண்மையில்லை. ஆணியில் பட்டிருந்தால் பட்ட இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருக்கும். உலகம்மாள் சூடு ஏறுமுன் நிறுத்தியிருந்தால் வாய் உதிர்ந்திருக்கும், மடிந்திருக்காது. இரும்பும் அடியும் மோசமென்றால் கருவேலத்திடம் ஐந்து மாதம் தாங்கியிருக்காது. வைக்கோல் நிறத்தைத் தாண்டிச் சூடு ஏறினால் வருவதுதான் மயில்கழுத்து நிறம். தண்ணீர் காட்டாமல் மெஷினில் பிடித்தபோதே துவைச்சல் போய்விட்டது. பழி ஆவுடைநாயகத்துடையதுதான், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்கு அல்ல. அதனால் மாடக்கண்ணு சுத்தியலை விட வேண்டியதில்லை. மடிந்த வாயில் அந்த நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தது உலகம்மாள். சொன்னால், தன்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று கணவர் நம்பமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். "நீங்க சுத்தியலத் தொட வேண்டாம். இதுக்கு சுத்தியலே வேண்டாம்" என்று சொல்லி, தானே உலையை மூட்டினாள். மடிந்த வாயை அரத்தால் ராவி எடுத்தாள், காய்ச்சினாள், முக்கினாள், வைக்கோல் நிறத்தில் நிறுத்தினாள். அதே இரும்பு, அதே இலுப்பை மரத்தை அன்றே இரண்டு கட்டையாகச் செதுக்கித் தந்தது. தேரோட்டத்தன்று சரிவில் இறங்கிய தேர் அந்தக் கட்டையில் ஏறி அசையாமல் நின்றபோது, மாடக்கண்ணு வடத்தைப் பார்க்கவில்லை, சாமியைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து சுத்தியலை இறக்கினார்.