பதினேழு முறை நிரம்பிய பேனா

ஓட்டைக்குளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் சொல்வது கஷ்டம். அந்த ஊர்க்காரர்களே பக்கத்து ஊரில் வழி விசாரித்துத்தான் வீடு திரும்புவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் உச்சிமாகாளிக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் மேலத்தெரு ஆவுடைச்செல்வி. ஊரிலேயே கெட்டிக்காரி என்று பேர். மழை வந்தால் புதுக்குடை நனையாதபடி அதை வீட்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவாள்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“கட்டைவிரல் யாருகிட்டதான் இல்ல? கைநாட்டு வைக்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுல, சொந்தப் பேனாவுல, மை அடைச்சுக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா எங்க அத்தை மகன் தயாரா நிக்கான்.”

கையெழுத்துக்குக் குறைவில்லை. ஆறு மாசமாக மணலில் குச்சியால் போட்டுப் போட்டு உச்சிமாகாளி அதில் தேறியிருந்தான். பேனாதான் இல்லை. அத்தை மகனை நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகள் தளவாயையும் கொம்பையாவையும் கூட்டிக்கொண்டு டவுன் கடைக்குப் போனான்.

கடைக்காரர் மூன்று பேனாக்களை எடுத்து வைத்தார். “மூணும் மலிவுதான். மை அடைக்கிற விதம்தான் வேற. இதுக்குக் கழுத்தைக் கழட்டிட்டு, சொட்டுக்குழாயால உள்ள மை விடணும். இதுக்குள்ள ரப்பர் பை இருக்கு. மையில முக்கி, அமுக்கி, விட்டுடணும். மூணாவது, பின்பக்கம் இடது பக்கமாத் திருகுனா மை ஏறும், வலது பக்கம் திருகுனா இறங்கும். எதுவானாலும் மை நிரம்பியிருக்கான்னு நல்லாப் பாத்துக்கிட்டு எழுதுங்க.”

மூன்றையும் ஒரு பெரிய மைப்புட்டியையும் வாங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

முதல் பேனாவின் சொட்டுக்குழாயைப் பார்த்ததுமே தளவாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. அவன் மாமாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள்.

“எலே, இது கண்ணு மருந்துக் குழாய்லா!”

“பேனாவுக்குக் கண்ணு எது வே?” என்றான் உச்சிமாகாளி.

“திறந்திருக்கது எதுவோ அதான் கண்ணு.”

பேனாவின் கழுத்தைக் கழற்றி, உடம்பைத் தலையணையில் படுக்க வைத்தார்கள். காலையில் இரண்டு சொட்டு, சாயங்காலம் இரண்டு சொட்டு. நடுவில் வெளிச்சம் படாமல் பச்சைத்துணி போட்டு மூடினார்கள். மறுநாள் துணியை விலக்கினால் மை முழுக்கத் தலையணையில்.

“ராத்திரியெல்லாம் அழுதிருக்கு,” என்றான் கொம்பையா, துக்கமாக.

“அழுற பேனா கல்யாண வீட்டுக்கு ஆகாது,” என்று உச்சிமாகாளி அதைத் தள்ளி வைத்தான்.

இரண்டாவது ரப்பர் பைப் பேனா. கொம்பையா அதை மையில் முக்கினான். பையை அமுக்கினான். கடைக்காரர் சொன்ன மாதிரியே விட்டுவிட்டான். பேனா புட்டிக்குள் தலைகீழாகப் போய் நின்றது. வால் மட்டும் வெளியே தெரிந்தது.

“ஐயையோ, பாதி முங்கிட்டு!”

“கையால தூக்கட்டுமா?” என்றான் உச்சிமாகாளி.

“முங்குறவன் பக்கத்துல போனா உன்னையும் சேத்து இழுத்துப்போடுவான் வே. தள்ளி நில்லு!”

தளவாய் ஓடிப்போய், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் கொக்கி ஒவ்வொன்றும் புட்டி உயரம். கயிற்றை விட்டு ஒரு இழுப்பு இழுத்தான். பேனா கூரை ஓட்டில் போய்ச் செருகிக்கொண்டது, பாதி மை உச்சிமாகாளியின் கல்யாண வேட்டியில் இறங்கியது.

“நீச்சல் தெரியாத பேனா,” என்று தீர்ப்பானது.

மிச்சமிருந்தது மூன்றாவது. வியாழக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. உச்சிமாகாளியே நிப்பை மையில் முக்கி, இடது பக்கம் திருகினான். புட்டியில் மை குறைந்தது.

“நிரம்பியிருக்கான்னு பாக்கச் சொன்னாரே?” என்றான் கொம்பையா.

“உள்ள இருக்கதை எப்படிப் பாக்க?”

“வெளிய விட்டாத் தெரிஞ்சிட்டுப் போகுது.”

வலது பக்கம் திருகினார்கள். மை அத்தனையும் புட்டிக்குள் திரும்ப விழுந்தது.

“நிரம்பித்தான் இருந்திருக்கு!” மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நிப்பைச் சுத்தமாகத் துடைத்து, மூடியைப் போட்டு, மறுபடி திறந்து, காகிதத்தில் வைத்து எழுதினால் ஒரு கோடு விழவில்லை.

“சரியாப் பாத்திருக்க மாட்டோம்,” என்றான் தளவாய்.

மறுபடி நிரப்பினார்கள். மறுபடி வெளியே விட்டுப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் பதினேழு தடவை. பதினேழு தடவையும் நிரம்பியிருந்தது. ஒரு தடவைகூட எழுதவில்லை.

“பதினேழுல ஒண்ணுலயும் நம்மளை ஏமாத்தலியே,” என்று கொம்பையா கண் கலங்கினான். “இப்படி நாணயமான பேனா கிடைக்குமா?”

“எழுத மாட்டேங்குதே வே!” என்றான் உச்சிமாகாளி.

“கூச்சம்டே. பொண்ணைக் கண்டா எழுதும்.”

வெள்ளிக்கிழமை, நீல வேட்டியும் பேனாவும் புட்டியுமாக உச்சிமாகாளி ரிஜிஸ்தர் ஆபீசுக்குள் நுழைந்தான். தளவாயும் கொம்பையாவும் வெற்றிலைத் தட்டோடு பின்னால் வந்தார்கள். ஆவுடைச்செல்வி ஏற்கெனவே வந்திருந்தாள். அவள் பின்னால் அத்தை மகன், முன்ஜாக்கிரதையாக மாலையும் கழுத்துமாக நின்றான்.

உச்சிமாகாளி பேனாவை நிரப்பினான். கடைசியாக ஒரு தடவை வெளியே விட்டுப் பார்த்தான். நிரம்பியிருந்தது. நிப்பைத் துடைத்துப் பதிவேட்டில் வைத்து அழுத்தினான். காகிதம் அப்படியே வெள்ளையாக இருந்தது. அத்தை மகன் மாலையைச் சரிசெய்துகொண்டான்.

“என்னய்யா விளையாடுதீரு?” என்று பதிவாளர் கத்தினார். “புட்டியிலதான் மை இருக்கே, தொட்டு எழுதும்!”

தொட்டான். எழுதினான். கோழி கிளறின மாதிரி ‘உச்சிமாகாளி’ என்று விழுந்தது! ஆவுடைச்செல்வியும் அதே பேனாவைத் தொட்டுப் பக்கத்திலேயே எழுதினாள். அத்தை மகன் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பதிவாளர் முத்திரை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார்.

உச்சிமாகாளி திடீரென்று பதிவேட்டின் மேல் குனிந்தான். இவ்வளவு பாடுபட்டு ஒரு பிசகு வந்துவிடக் கூடாதே!

“எலே, கையெழுத்து நல்லா ஏறியிருக்கான்னு பாக்கலியே?”

“கழுவிப் பாத்துருவோம்,” என்றான் தளவாய். “மை வந்துட்டுன்னா ஏறியிருக்குன்னு அர்த்தம்.”

வெற்றிலைத் தட்டைக் கீழே பிடித்து, பதிவேட்டைச் சாய்த்து, ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி நன்றாகத் தேய்த்தார்கள். தட்டில் நீலமாக வழிந்தது.

“ஏறியிருக்கு! ஏறியிருக்கு!”

பதிவாளர் முத்திரையோடு திரும்பினார். பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அத்தை மகன் மறுபடி மாலையைப் போட்டுக்கொண்டான்.

ஆவுடைச்செல்வி தட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “இதுல உங்க கையெழுத்து எது, என் கையெழுத்து எது?”

உச்சிமாகாளி குனிந்து உற்றுப் பார்த்தான். “தெரியலையே. ரெண்டும் கலந்துட்டு.”

அவள் முகம் சிவந்தது. “அப்போ நமக்குக் கல்யாணம் ஆயிட்டு.”

“அட பாவிகளா!” என்று பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். “நான் முத்திரையை எங்கே போய்க் குத்த?”

ஆவுடைச்செல்வி தட்டை அவர் முன்னால் பதமாக நீட்டினாள்.

“இதுல குத்துங்கய்யா. தண்ணி ஆடாம நான் பிடிச்சுக்கிடுதேன்.”