கறிவேப்பிலைக்கு மூன்று வேளை

"செடி சாகுது அம்மிணி. நானும் பண்ணாத வைத்தியம் இல்லை."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கம்பவுண்டர் நாச்சிமுத்து இதைத்தான் சொன்னார். கையில் ஏந்தி வந்த தொட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

கோபிக்குப் போகிற ரோட்டில் பாவாயி வீடு. வாசலில் ஒரு புங்கமரம். அதன் அடியில் பல ஊர்களிலிருந்தும் கொண்டுவந்து விட்ட நோயாளித் தொட்டிகள் முப்பது நாற்பது இருக்கும். வாடிப்போன செடி என்றால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவள்தான் ஆஸ்பத்திரி.

பாவாயிக்கு நாற்பது தாண்டவில்லை. கம்பவுண்டருக்கு அறுபத்தொன்பது. இருந்தாலும் கேட்க வந்தவர் அவர்தான். செடி விஷயத்தில் வயசெல்லாம் செல்லாது.

"என்ன செடிங்?"

"கறிவேப்பிலை. பாத்தாத் தெரியலையா?"

"பாத்தாத் தெரியலீங்."

நிஜம்தான். ஒரு குச்சி நின்றது. உச்சியில் ஏழெட்டு மஞ்சள் இலை. அவ்வளவுதான் கறிவேப்பிலை.

"ஆரு வெச்சது?"

"என்ற ஊட்டுக்காரி. ருக்குமணி. கட்டிலுக்கு நேரா ஜன்னல்ல வெச்சிருக்கறோம். அவ படுத்து அஞ்சு மாசமாச்சு. ஈரல்ல கட்டி. இனி ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. நான் எப்ப உள்ள போனாலும் அவ மூஞ்சி ஜன்னலப் பாத்துத்தான் இருக்குது. இந்தச் செடி மேல அம்புட்டு உசுரு. இது போயிருச்சுன்னா, அப்புறம் அவளும்..."

அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எந்தப் புருஷனுக்குத்தான் வாய் வரும்?

பாவாயி தொட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"என்ன குடுத்தீங்?"

இந்தக் கேள்வி கம்பவுண்டருக்குப் பிடித்தது. ஒரே டாக்டரிடம் முப்பத்தெட்டு வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்த கை அது. சீட்டைப் பார்க்காமலே ஒப்பித்தார்.

"காத்தால அரிசி கழுவின தண்ணி. மத்தியானம் புளிச்ச மோரு, பெருங்காயம் கலந்து. சாயந்தரம் வாழப்பழத் தோலை ஊற வெச்ச தண்ணி. வாரத்துக்கு ஒருக்கா முட்டை ஓட்டை இடிச்சுப் போடுவேன். குடிச்ச டீத்தூளும் போடுவேன். எலைக்கு வேப்பெண்ணெய்."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும். ஒரு வேளை தப்பினதில்லை."

சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இதிலென்ன பெருமை என்று நாம் கேட்கலாம். கேட்கக் கூடாது. பாவம், அவர் பிடித்துக்கொண்டு நிற்க வேறு என்ன இருந்தது?

பாவாயி தொட்டியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். மண் களியாக வந்து விழுந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கம்பவுண்டர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று கிடந்தது. அவள் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். தோல் மட்டும் விரலோடு வந்தது.

"ஆயிரம் வேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியனாமா. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதுங்."

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. கோபம் வந்துவிட்டது.

"நானா கண்டுபுடிச்சேன்? கறிவேப்பிலைக்கு மோருதான்னு ஊரே சொல்லுது."

"நல்லா இருக்கற செடிக்குங். மாசத்துக்கு ஒரு டம்ளர்."

"சத்து வேண்டாமா? எளைச்சுக் கெடக்குதே!"

"வேரே இல்லீங். அது எதுல குடிக்கும்?"

பாவாயி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மழை வரும் என்பார்கள். அரிவாள்மனையை எடுத்து வந்து அழுகினதை எல்லாம் அறுத்துத் தள்ளினாள். அறுத்த இடத்தில் சமையலறை மஞ்சள்தூளை அப்பினாள். காய்ந்த மண்ணும் மணலும் சரிபாதியாகக் கலந்து, ஒரு பிடி அடுப்புச் சாம்பலைத் தூவிச் செடியை நட்டாள். மிச்சம் இருந்த வேர் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

"எத்தனை வேளை தண்ணி ஊத்தட்டும்?"

"வேளையே கெடையாதுங். மண்ணுக்குள்ள வெரலை வுடுங்க. ஈரம் ஒட்டுச்சுன்னா கையக் கட்டிட்டுத் திரும்பிப் போயிருங்க."

"ஒட்டாட்டி?"

"ஒரு டம்ளர் பச்சத்தண்ணி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்."

"பொழைச்சுக்குமா?"

பாவாயி புங்கமரத்தடியைப் பார்த்தாள். அங்கே பாதித் தொட்டிகளில் வெறும் மண்தான் இருந்தது. கம்பவுண்டரும் பார்த்தார். பிறகு தொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். தொட்டியும் வந்தது. நல்ல உச்சி வெயில். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

குச்சியில் இரண்டு இலை மீதி.

"நீ சொன்னதத்தான் கேட்டேன். இப்பப் பாரு!"

பாவாயி மண்ணில் விரலை விட்டாள். எடுத்து மோந்து பார்த்தாள்.

"மோரு," என்றாள்.

கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு வேளைதான் ஊத்துனேன்."

அவள் விரலை முந்தானையில் துடைத்தாள்.

"மூணு நாளா," என்றார்.

அவள் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது சமாளித்திருப்பார். கேட்காமல் நின்றதுதான் அவரைக் கிளப்பிவிட்டது.

"சும்மா எப்படி அம்மிணி இருக்கறது? கண்ணு முன்னால சாகுது. கையக் கட்டிட்டு நின்னு வேடிக்கை பாத்தா நானென்ன மனுசன்? நாப்பத்தி நாலு வருசம் அம்மிணி! நாப்பத்தி நாலு வருசம்!"

அவர் செடியைப் பற்றிப் பேசவில்லை என்பது ரோட்டில் போன ஆட்டுக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். கம்பவுண்டருக்கு மட்டும் தெரியவில்லை.

பாவாயி உள்ளே போனாள். ஒரு சொம்பும் டம்ளருமாக வந்தாள். முந்தின நாள் சோற்றில் ஊறிய நீச்சத்தண்ணி. உப்புப் போட்டுச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தாள்.

"குடிங்க."

வெயிலுக்கு இதமாக இறங்கியது. ஒரே மடக்கில் குடித்தார்.

"இன்னொண்ணு."

மரியாதைக்காகக் குடித்தார்.

"இன்னொண்ணு."

"போதும் அம்மிணி."

"சத்துங்."

"வயிறு திம்முனு இருக்குது. போதும்."

"உங்க நல்லதுக்குத்தானுங்."

"போதும்ங்கறேன்ல!"

அவள் டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள். இடது கையால் அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டாள். அப்பன் வயசு ஆம்பளையை ஒரு பொம்பளை இப்படிப் பிடிப்பாளா? பிடித்தாள். பிடித்து, டம்ளரைச் சாய்த்தாள்.

நீச்சத்தண்ணி மோவாயில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. கம்பவுண்டர் பல்லைக் கிட்டித்துக்கொண்டார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார். கண்ணை இறுக்கி மூடினார்.

பாவாயி கையை எடுத்துவிட்டாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பின வாக்கிலேயே நின்றார். ஒரு லாரி போனது. அதன் புழுதி அடங்குகிற வரைக்கும் அப்படியே நின்றார்.

"அவளும் இப்படித்தான் பல்லக் கிட்டிச்சுக்கறா," என்றார்.

பாவாயி சொம்பைக் கீழே வைத்தாள்.

"கேட்டாக் குடுங்க, கேக்காட்டி வுட்டுருங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. எனக்கு மனசு கேக்கலை. கஞ்சி, மூணு வேளையும். அதுக்கு மேல சத்து டானிக்கு. தாடையப் புடிச்சு ஊத்தறேன் அம்மிணி. இந்தக் கையிலதான். கண்ணுல தண்ணியா வுடுவா. உள்ள போனாச் சரியாயிரும்னு இன்னொரு மூடி ஊத்துவேன்."

அவர் அழுதார். வயசான மனுஷன் ரோட்டோரம் சத்தம் போட்டு அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

பாவாயி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பஸ்ஸு வருதுங்," என்றாள்.

"செடி?"

"அது இங்க கெடக்கட்டும். நீங்க போங்க."

"பொழைக்காதா?"

"போங்க," என்றாள்.

அவர் வீடு போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. கஞ்சிக்கு நேரம். பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆவி இன்னும் அடங்கவில்லை. அதன் பக்கத்தில் டானிக் பாட்டில், மூடியோடு.

கம்பவுண்டர் இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். கை தானாக நீண்டது. பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடி நீண்டது. மறுபடி இழுத்துக்கொண்டார். அந்த நாலடி நடையைத் தாண்ட அவர் பட்ட பாட்டை ஆற்றைத் தாண்டியவன்கூடப் பட்டிருக்க மாட்டான்.

அறைக்குள் போனார்.

காலடிச் சத்தம் கேட்டதும் ருக்குமணியின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. ஜன்னலில் ஒன்றும் இல்லை. வெறும் கம்பிதான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை இறுகியிருந்தது.

அப்போதுதான் கம்பவுண்டருக்கு அந்த அஞ்சு மாசமும் விளங்கியது. அவளுக்குச் செடி மேல் ஒரு உசுரும் இல்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்.

தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். எங்கேயோ மிக்ஸி ஓடி நின்றது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

ருக்குமணி மெல்லத் தலையைத் திருப்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தாள். பிறகு இடது கையைப் பார்த்தாள்.

"கஞ்சி எங்கீங்?"

"கொண்டாரலை."

"டானிக்கு?"

"இல்லை ருக்கு."

நம்பலாமா என்று இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பச் சித்த கிட்ட வாங்க," என்றாள்.